ஃபோர்க்ஸில் 498 பக்கங்கள்

செப்டம்பர் மாதத்துக் காலை. அமெரிக்கச் சிற்றூர் ஃபோர்க்ஸில் தூறல்.

101-ஆம் நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது. தெற்கு முனையில் பயணியர் தகவல் மையம். வாசலுக்கு முன்னால் இரண்டு பழைய செவர்லே பிக்கப் வண்டிகள். இரண்டும் சிவப்பு. ஒன்று 1953 மாடல். ‘ட்வைலைட்’ நாவலில் கதாநாயகி பெல்லா ஓட்டுவது. மற்றது 1963 மாடல். சினிமாவில் அவள் ஓட்டுவது.

கார்கள் வந்து நிற்கின்றன. நம்பர் பலகைகளில் டெக்சாஸ், ஓஹையோ, பிரிட்டிஷ் கொலம்பியா. இறங்குகிறவர்கள் மையத்தின் கதவை நோக்கிப் போவதில்லை. நேரே வண்டிகளிடம் வருகிறார்கள். நனைந்த பானட்டில் உள்ளங்கையை வைக்கிறார்கள். சிறிது நேரம் எடுப்பதில்லை.

யாரும் சொல்லாமலே வரிசை உருவாகிறது. ஒருவர் கதவருகே நிற்கிறார். அடுத்தவர் படம் எடுக்கிறார். பிறகு இடம் மாறுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் குடை பிடிக்கிறார்கள்.

வரிசையில் ஒரு தாயும் மகளும். தாய்க்கு முப்பத்தேழு வயது இருக்கும். மகளுக்குப் பதிமூன்று. தாயின் தோள்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் இரண்டு புத்தகங்கள். தங்கள் முறை வந்ததும் முதலில் அவற்றைத்தான் வெளியே எடுக்கிறாள்.

மேலே இருப்பது ‘ட்வைலைட்’. கறுப்பு அட்டை. இரண்டு வெளிறிய கைகள் ஒரு சிவப்பு ஆப்பிளை ஏந்தியிருக்கின்றன. மேலுறையின் ஓரங்கள் நைந்து வெள்ளைக் காகிதம் தெரிகிறது. கட்டைவிரல் படும் இடத்தில் கறுப்பு தேய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. உள்ளே முதல் தாளில் ஊதா மையில் ஒரு பெயர். கீழே ‘2005 டிசம்பர்’. மடித்து மறுபடி நீவிய பக்க மூலைகள் ஏராளம். கோடு கிடையாது, குறிப்பு கிடையாது. பதினேழு வயதில் அவள் புத்தகத்தில் எழுதுகிறவளாக இருக்கவில்லை.

மகள் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொள்கிறாள். ஆப்பிள் வெளியே தெரியும்படி. தாய் படம் எடுக்கிறாள். ஒரு மழைத்துளி ஆப்பிள் மேல் விழுகிறது. மகள் சட்டைக் கையால் உடனே துடைக்கிறாள்.

*

2003 ஜூன் 2. அரிசோனா மாநிலம். பாலைவனம், வெயில். மூன்று சிறு பையன்களின் தாய் ஒருத்தி காலையில் ஒரு கனவோடு எழுந்திருக்கிறாள். காட்டுக்கு நடுவே ஒரு புல்வெளி. ஒரு பெண். அவள் எதிரே தோல் மின்னும் ஓர் இளைஞன், ரத்தக்காட்டேரி. இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் ரத்தத்தின் வாசனை அவனை இழுக்கிறது. அவளைக் கொல்லாமலிருப்பது எவ்வளவு கடினம் என்று அவளுக்கே சொல்கிறான்.

ஸ்டெஃபனி மேயர் அதை எழுதி வைக்கிறார். கனவு பின்னாளில் நாவலின் 13-ஆம் அத்தியாயமாகிறது. மூன்று மாதத்தில் நாவல் முடிகிறது.

வெயில் பட்டால் மின்னுகிறவர்களுக்கு வெயில் இல்லாத ஊர் வேண்டும். மேயர் இணையத்தில் தேடுகிறார்: அமெரிக்காவில் மழை அதிகம் பெய்யும் இடம். வடமேற்கு மூலை வருகிறது. வாஷிங்டன் மாநிலம், ஒலிம்பிக் தீபகற்பம். வரைபடத்தில் சின்ன எழுத்தில் ஒரு பெயர். ஃபோர்க்ஸ். நாவலுக்கு முதலில் வைத்த தலைப்பும் அதுதான். ஊரை அவர் நேரில் பார்ப்பது 2004 கோடையில். எழுதி முடித்த பிறகு.

2005 அக்டோபரில் புத்தகம் வருகிறது. 498 பக்கங்கள். அடுத்த மூன்று பாகங்கள் 2006, 2007, 2008. நான்கும் சேர்ந்து 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்கின்றன.

ஊரில் ஓராண்டில் ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை. சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு பங்கு. இதை மேயர் மிகைப்படுத்தவில்லை.

*

மையத்துக்குள் ஒரு மேசை. மேசையில் பதிவேடு. பெயர், ஊர், தேதி. பேனா ஒரு நூலில் கட்டியிருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதும் முன் மேலே இருக்கும் பெயர்களை ஒருமுறை படிக்கிறார்கள்.

2010-ஆம் ஆண்டில் 70,000-க்கு மேற்பட்டவர்கள் இங்கே வந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 3,335.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தன் பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து மேசையில் வைக்கிறார். ஸ்பானிஷ் பதிப்பு. ‘க்ரெபூஸ்குலோ’ என்று தலைப்பு. அதே கறுப்பு, அதே ஆப்பிள். மனைவியின் பெயரை எழுதுகிறார். பக்கத்தில் தன் பெயரை எழுதுகிறார். அவருடன் யாரும் இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், வண்டியின் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி அருகே அதைப் பிடித்துப் படம் எடுக்கிறார்.

மேசைக்குப் பின்னால் நிற்கும் முதியவள் வரைபடம் ஒன்றை விரிக்கிறாள். பேனாவால் வட்டமிடுகிறாள். பள்ளி. ஆஸ்பத்திரி. காவல் நிலையம். கடற்கரை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் புது வரைபடம், அதே வட்டங்கள், அதே பொறுமை.

*

பக்கத்துக் கட்டடம் மர அருங்காட்சியகம். கூட்டம் இல்லை.

ஆள் உயர ரம்பங்கள். இரண்டு பேர் இழுக்கும் ரம்பம், ஒருவர் இயக்கும் மோட்டார் ரம்பம். தகர மதிய உணவுப் பெட்டிகள். தேய்ந்த ஆணி பூட்ஸ்கள். வெட்டி வீழ்த்திய மரத்தின் மேல் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள். வெளியே, காட்டு வேலையில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம்.

ஊர் மரத்தால் வாழ்ந்த ஊர். 1990-ல் புள்ளி ஆந்தை அருகிவரும் இனமாக அறிவிக்கப்படுகிறது. அது வாழ்வது முதிர்ந்த காடுகளில். அரசுக் காடுகளில் மரம் வெட்டுவது பெருமளவு குறைகிறது. அறுவை மில்கள் மூடுகின்றன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, இதே காட்டைப் பற்றிய ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள்.

நெடுஞ்சாலையில் ஒரு மர லாரி போகிறது. பட்டை உரியாத அடிமரங்கள். சங்கிலி. சக்கரங்கள் வாரியிறைக்கும் தண்ணீர். சிவப்பு வண்டிகளின் அருகே நிற்பவர்கள் பின்னால் நகர்கிறார்கள். ஓட்டுநர் இரண்டு விரலை உயர்த்துகிறார். மகள் கையசைக்கிறாள்.

*

பள்ளியின் செங்கல் முகப்பு. அன்று ஞாயிற்றுக்கிழமை, கதவு பூட்டியிருக்கிறது. பெயர்ப் பலகைக்கு எதிரே எட்டுப் பேர். படம் எடுத்து முடித்தவர்களும் போகவில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதையில் பனி உறைந்த ஒரு காலையில் இங்கே ஒரு வேன் சறுக்குகிறது. பெல்லா நசுங்கியிருக்க வேண்டும். ரத்தக்காட்டேரி இளைஞன் எட்வர்ட் இரு கைகளால் வேனை நிறுத்துகிறான்.

“அங்கதான்” என்கிறாள் ஒரு பெண்.

“இல்ல, இன்னும் அந்தப் பக்கம். அவன் நாலு கார் தள்ளி நிப்பான்” என்கிறாள் அவள் தோழி.

இருவரும் நடந்து பார்க்கிறார்கள். நான்கு காரின் தூரத்தைக் காலடியால் அளக்கிறார்கள்.

சினிமா இந்த ஊரில் எடுக்கப்படவில்லை. முதல் படத்தின் பெரும்பகுதி ஆரிகன் மாநிலத்தில் எடுக்கப்பட்டது. இது இங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். படத்தில் வரும் இடங்களைத் தேடி அவர்கள் வரவில்லை. படிக்கும்போது மனத்தில் கட்டிய ஊரை இந்த ஊரின் மேல் வைத்துப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் டாக்டர் கல்லன் பெயரில் வண்டி நிறுத்த ஒரு பலகை. எட்வர்டின் வளர்ப்புத் தந்தை அவர். மனித ரத்தம் குடிக்காத ரத்தக்காட்டேரி, மருத்துவர். 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்த பதினேழு வயதுப் பையனைத் தன் இனமாக்கிக் காப்பாற்றியவர். பலகைக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. படம் எடுக்க வந்தவர்கள் தங்கள் காரை அங்கே நிறுத்துவதில்லை. எதிர்ப்புறத்தில் நிறுத்திவிட்டு மழையில் நடந்து வருகிறார்கள்.

*

மதியம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் உணவகம். ஜன்னலில் நீராவி படிந்திருக்கிறது.

தாய் சூப் சாப்பிடுகிறாள். மகள் சாப்பிடவில்லை. அவள் முன்னால் வறுத்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்கிறது. இடது கை தட்டை நோக்கிப் போகிறது; பாதியில் நின்று பக்கத்தைத் திருப்பத் திரும்புகிறது.

முதல் பாகத்தை நேற்று இரவு விடுதியில் முடித்துவிட்டாள். இப்போது கையில் இரண்டாம் பாகம், ‘நியூ மூன்’. அட்டையில் வெள்ளைப் பூ, இதழில் சிவப்புத் தீற்று. எட்வர்ட் பெல்லாவைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறான். இனி வரமாட்டேன் என்று சொல்கிறான். போய்விடுகிறான்.

மகள் பக்கத்தைத் திருப்புகிறாள். நிற்கிறாள்.

பக்கத்தில் ஒரே ஒரு சொல். அக்டோபர். மீதி வெற்றுக் காகிதம். திருப்புகிறாள். நவம்பர். திருப்புகிறாள். டிசம்பர். அச்சுப்பிழையோ என்று தாளை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள். திருப்புகிறாள். ஜனவரி.

திரும்பவும் அக்டோபருக்குப் போகிறாள். ஒவ்வொன்றாக மறுபடி திருப்புகிறாள். இம்முறை மெதுவாக. எழுத்தே இல்லாத பக்கங்களில் படிக்கும் வேகத்தில் கண் ஓடுகிறது.

தாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பக்கங்கள் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். மகளின் முகத்தை மட்டும் பார்க்கிறாள்.

“நாலு மாசம்மா” என்கிறாள் மகள்.

“ஆமா.”

“ஒண்ணுமே எழுதல.”

“எழுத என்ன இருக்கு?”

மகள் தலையசைக்கிறாள். உருளைக்கிழங்குத் தட்டைத் தாயின் பக்கம் நகர்த்துகிறாள்.

*

மேசை துடைக்கப்படுகிறது. ஒரு காப்பி, ஒரு சாக்லெட் பால். மழை வலுக்கிறது.

தாய் முதல் பாகத்தை எடுத்துப் புரட்டுகிறாள். மடிந்த மூலைகளைத் தாண்டிப் போகிறாள். ஓரிடத்தில் நிற்கிறாள். பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. சின்னது. புதியது.

இரவில் எட்வர்ட் பெல்லாவின் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியவரும் இடம்.

தாய் கேள்விக்குறியின் மேல் விரலை வைக்கிறாள்.

“அழிச்சிடட்டுமா?” என்கிறாள் மகள்.

“வேணாம். என்ன கேக்கணும்?”

“அவன் ஏன் அவளக் கேக்காம உள்ள வர்றான்?”

தாய் அந்தப் பக்கத்தை முழுக்கப் படிக்கிறாள். அவசரப்படவில்லை. அடுத்த பக்கத்தையும் படிக்கிறாள்.

“உன் அண்ணன் வயசுல படிச்சப்போ அது அன்புன்னு பட்டுச்சு. விழுந்து விழுந்து படிச்சேன்.”

“இப்போ?”

“கேட்டிருக்கணும்.”

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.” மகள் கோப்பையைச் சுழற்றுகிறாள். “ஆனா புக் பிடிச்சிருக்கு.”

“எனக்கும்தான்.”

2009-லும் 2010-லும் அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, அதிக எதிர்ப்புக்கு உள்ளான பத்து நூல்களின் பட்டியலில் இந்தத் தொடர் இருந்தது. நூலகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிப் பெரியவர்கள் மனுக் கொடுத்தார்கள். பதின்வயதுப் பெண்கள் இதைப் படித்தால் எதைச் சரி என்று நம்புவார்கள் என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. கவலை காரணமற்றது அல்ல. கேள்விக்குறியைப் போட்ட பெண்ணுக்கு வயது பதிமூன்று.

தாய் பென்சிலை மகள் கையில் கொடுக்கிறாள். புத்தகத்தையும்.

*

ஊர் நடுவே ஒரு காட்சிக்கூடம். படங்களில் நடிகர்கள் அணிந்த உடைகளும் பயன்படுத்திய பொருள்களும் அங்கே இருக்கின்றன. செப்டம்பர் 13 பெல்லாவின் பிறந்தநாள். ஆண்டுதோறும் அந்தத் தேதியை ஒட்டி ஊரில் விழா.

உள்ளே குரல்கள் தணிந்திருக்கின்றன. ஒரு பெண் ஒரு மேலங்கியின் பொத்தான்களை எண்ணுகிறாள். அதே மேலங்கியை அவளே தைத்துப் போட்டிருக்கிறாள். தன் பொத்தான்களையும் எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது. தோழியிடம் சொல்கிறாள். தோழி கைப்பையில் ஊசி நூல் வைத்திருக்கிறாள்.

சுவரோரம் ஒரு பாட்டி, ஒரு மகள், ஒரு பேத்தி. மூவரும் கதாநாயகனைப் பற்றிப் பேசுகிறார்கள். பாட்டிக்கு ஓநாய்ப் பையன் ஜேக்கப்பைத்தான் பிடிக்கும். “அவன் வீட்டுக்கு வந்தா சாப்பிடுவான்” என்கிறாள். பேத்தி சிரிக்கிறாள். மகள் எட்வர்டின் பக்கம். பதினெட்டு வருடமாக மாறவில்லை. வாதம் பழையது. மூவரும் அதை அக்கறையாகச் செய்கிறார்கள்.

*

ஊருக்கு வடக்கே சாலை பிரிந்து மேற்கே கடலுக்குப் போகிறது. இருபுறமும் ஸ்ப்ரூஸ் மரங்கள். கிளைகளில் பாசி தொங்குகிறது. மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டுகின்றன.

‘மூன்று ஆறுகள்’ என்று பெயர் கொண்ட ஒரு தங்குமிடம். அருகே ஒரு பலகை. ஒப்பந்த எல்லை, இதைத் தாண்டி வாம்பயர்கள் வரக்கூடாது. நாவலில் எட்வர்டின் குடும்பத்துக்கும் கடலோர ஊர் லா புஷ்ஷின் குவில்யூட் ஓநாய்களுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு. கார்கள் நிற்கின்றன. பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம்.

இந்த மண்ணில் உண்மையில் ஓர் ஒப்பந்தம் உண்டு. 1855-லும் 1856-லும் கையெழுத்தானது. குவில்யூட் பழங்குடியினர் தங்கள் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம். அதற்கு இந்தச் சாலையில் நின்று படம் எடுக்கும் பலகை இல்லை.

தாய் காரை நிறுத்துகிறாள். மகள் பலகையைப் பார்க்கிறாள். இறங்கவில்லை. மடியில் நான்கு அச்சுத் தாள்கள் இருக்கின்றன. சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் குவில்யூட் மக்களோடு சேர்ந்து நாவலையும் உண்மையையும் அருகருகே வைத்து விளக்கிய பக்கங்கள். படிக்கிறாள். கார் மறுபடி கிளம்புகிறது.

*

லா புஷ். முதல் கடற்கரை என்பதே அதன் பெயர்.

சாம்பல் மணல். சாம்பல் கடல். ஆறு அடித்து வந்து கடல் திருப்பி எறிந்த மரங்கள் கரை நெடுகக் கிடக்கின்றன. ஒருவர் இரு கையால் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். உப்பில் வெளுத்து வழவழப்பாகிவிட்டன. எதிரே, செங்குத்தான பாறைத் தீவு ஒன்று. உச்சியில் மரங்கள். குவில்யூட் மக்கள் அதை அ-கா-லாட் என்கிறார்கள்.

தாயும் மகளும் ஒரு மரத்தில் அமர்கிறார்கள். மகள் முதல் பாகத்தின் ஆறாம் அத்தியாயத்தை எடுக்கிறாள். இந்தக் கரையில்தான் ஜேக்கப் பெல்லாவிடம் பழங்கதை சொல்கிறான். அவன் முன்னோர் ஓநாய்களிலிருந்து வந்தவர்கள். எதிரிகள் ரத்தம் குடிப்பவர்கள்.

வாய்விட்டுப் படிக்கிறாள். அலைச் சத்தத்தில் பாதி கேட்கிறது. தாய் காதைச் சாய்த்துக் கேட்கிறாள்.

பிறகு அச்சுத் தாளைப் படிக்கிறாள். க்வாட்டி என்னும் உருமாற்றுபவர் இங்கே வருகிறார். மனிதர்கள் இல்லை. இரண்டு ஓநாய்களைப் பார்க்கிறார். அவற்றை மனிதராக்குகிறார். அவர்களின் வழித்தோன்றல்கள் குவில்யூட்டுகள். மனிதன் ஓநாயாகிச் சண்டைக்குப் போகும் கதை இந்த மக்களிடம் இல்லை. ரத்தம் குடிக்கும் எதிரியும் இல்லை. அவை மேயர் சேர்த்தவை.

தாளில் இன்னும் இருக்கிறது. 1889-ல் ஊர் மக்கள் தொலைவில் ஹாப்ஸ் பறிக்கும் கூலி வேலைக்குப் போயிருந்தபோது, குடியேறிய ஒருவன் 26 வீடுகளையும் எரித்தான். அதே ஆண்டில் அவர்களுக்கென அரசு ஒதுக்கிய நிலம் ஏறக்குறைய ஒரு சதுர மைல். நாவலும் படங்களும் ஈட்டிய பணத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

மகள் படிப்பதை நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் வீடுகளைத் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு முற்றத்தில் மீன்வலை காய்கிறது. ஒரு சிறுவன் சைக்கிளை ஈர மணலில் தள்ளிக்கொண்டு வருகிறான். பயணிகள் இருவர் அவனைப் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்குகிறார்கள். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறான். ஒருத்தி கைப்பேசியைத் தாழ்த்துகிறாள். மற்றவளும் தாழ்த்துகிறாள்.

மகள் பென்சிலை எடுக்கிறாள். ஆறாம் அத்தியாயத்தின் ஓரத்தில் எழுதுகிறாள். மூன்று வரி. க்வாட்டியின் பெயர் முதல் வரியில். தாய் எட்டிப் பார்க்கிறாள். எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க அச்சுத் தாளை நீட்டுகிறாள்.

சாலையோரத்தில் ஒரு நீலப் பலகை. ஓர் அலை, மேட்டில் ஏறும் ஒரு மனிதன். சுனாமி வந்தால் ஓட வேண்டிய திசை. ஊரின் தாழ்ந்த பகுதி முழுவதும் அபாய எல்லைக்குள் இருக்கிறது. குவில்யூட் மக்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். 2012-ல் ஒரு சட்டம் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கரை அவர்களுக்கு மாற்றித் தந்தது. முதலில் மேலே போனது பள்ளிக்கூடம். 2022 முதல் லா புஷ் பிள்ளைகள் மேட்டில் கட்டிய புதிய கட்டடத்தில் படிக்கிறார்கள். குவில்யூட் மொழி அங்கே ஒரு பாடம்.